மது தொடாத வீட்டிலும் கல்லீரல் நோய்: கொழுப்புத் துளிகள் சொல்லும் பாடம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…

உறவினர் ஒருவருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று கேள்விப்பட்டு நலம் விசாரிக்கப் போகிறோம். அவர் ஐவேளைத் தொழுகையாளி. மதுவின் வாடையைக்கூட வீட்டுக்குள் அனுமதிக்காதவர். ஆனாலும் வந்திருப்பவர்கள் மனதில் ஒரு கேள்வி ஓடுகிறது: "இவருக்கு எப்படி இந்த நோய்?" யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் கேட்காத அந்தக் கேள்வி நோயாளிக்கும் அவருடைய மனைவி மக்களுக்கும் புரிந்துவிடுகிறது. நோயின் வேதனையோடு இந்த வேதனையும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொரு வீட்டில் வேறு காட்சி. வயிற்று வலிக்காக ஸ்கேன் எடுத்தபோது "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. "இது இப்போது எல்லாருக்கும் இருக்கிறது. நாம் என்ன குடிக்கிறோமா, பயப்பட?" என்று அதை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

முதல் வீட்டில் வீண் சந்தேகம்; இரண்டாவது வீட்டில் வீண் நம்பிக்கை. இரண்டும் ஒரே அறியாமையிலிருந்து வருகின்றன. மது இல்லாமலும் கல்லீரல் கெடும் என்பதும், கொழுப்பு எந்தக் கட்டத்தில் செல்லைக் காயப்படுத்துகிறது என்பதும் நமக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. கடந்த சில பத்தாண்டுகளில் அறிவியல் இதைப் பற்றி நிறையக் கண்டுபிடித்திருக்கிறது. குறிப்பாக, கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளையும் அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் சில புரதங்களையும் பற்றிய ஆய்வுகள் இந்த நோயைப் பார்க்கும் பார்வையையே மாற்றியிருக்கின்றன. அதை நம் வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் புரிந்துகொள்ளும் வகையில் இங்கே பார்ப்போம்.

மருத்துவர்களே நம்பாத காலம்

மது அருந்துபவர்களுக்கு மட்டுமே இப்படிப்பட்ட கல்லீரல் அழற்சி வரும் என்றுதான் மருத்துவ உலகமும் நீண்ட காலம் எண்ணியிருந்தது. "நான் குடிப்பதில்லை" என்று சொன்ன நோயாளிகளை மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய நோய்க்குறியியல் நிபுணர் யூர்கன் லுட்விக், 1980-இல் தம் குழுவினருடன் 20 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுடைய கல்லீரல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் குடிகாரரின் கல்லீரலைப் போலவே இருந்தது. ஆனால் அவர்களிடம் குடிப்பழக்கம் இல்லை. பெரும்பாலோர் உடல் பருமன் உள்ளவர்கள். பலருக்கு நீரிழிவு போன்ற நோய்கள் இருந்தன. அதுவரை பெயரே இல்லாதிருந்த இந்த நோய்க்கு "மது சாராத கொழுப்புக் கல்லீரல் அழற்சி" என்று லுட்விக் பெயரிட்டார். நோயாளி சொல்வதை நம்பாமல் துருவித் துருவிக் கேட்டு இரு தரப்பும் சங்கடப்படும் நிலை இனி வேண்டாம் என்பதும் அந்தப் பெயரின் பயன்களில் ஒன்றாக அந்தக் கட்டுரையில் சொல்லப்பட்டது.

2023-இல் உலகக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் கூடி அந்தப் பெயரையும் மாற்றிவிட்டன. பெயரில் "மது" என்ற சொல் இருப்பதே நோயாளிக்குத் தலைகுனிவாக இருக்கிறது என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. இப்போது இது "வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய்" என்று அழைக்கப்படுகிறது. மருத்துவர்கள் சுருக்கமாக எம்.ஏ.எஸ்.எல்.டி. என்பார்கள். உலகில் பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்கு இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. இந்திய அரசும் 2021-இல் இந்த நோயைத் தேசியத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

ஈரலுக்குள் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

குர்பானி கொடுக்கும் வீடுகளில் ஆட்டின் ஈரலைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆரோக்கியமான ஈரல் கருஞ்சிவப்பாக, வழவழப்பாக, கையில் எடுத்தால் உறுதியாக இருக்கும். மனிதக் கல்லீரலும் அப்படித்தான். பெரியவர்களுக்கு அது சுமார் ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். கொழுப்பு நிறையச் சேர்ந்துவிட்டால் அதே கல்லீரல் வெளிறி, மஞ்சள் பூத்து, பருத்துவிடுகிறது. கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு தெரிந்தால் அது கொழுப்புக் கல்லீரல்.

"எண்ணெயும் நெய்யும் சாப்பிட்டதால்தான் இது" என்று நாம் நினைக்கிறோம். அது ஒரு சிறு பங்குதான். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளின் கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று தடம் பிடித்துப் பார்த்தார்கள். சுமார் 59 சதவீதம், உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து இரத்தத்தில் கசிந்து வந்த கொழுப்பு அமிலங்கள். சுமார் 26 சதவீதம், சர்க்கரை, மாவுச்சத்து போன்றவற்றிலிருந்து கல்லீரலே புதிதாகத் தயாரித்த கொழுப்பு. உணவிலிருந்த கொழுப்பு நேரடியாக வந்து சேர்ந்தது சுமார் 15 சதவீதம் மட்டுமே.

ஆக, தொப்பையில் சேமித்த கொழுப்பும், குளிர்பானத்திலும் சர்பத்திலும் மைதாவிலும் மலைபோல் குவித்த சோற்றிலும் இருந்து வந்த சர்க்கரையுமே முதன்மைக் காரணங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கொழுப்புத் திசுவின் கதவு இரவும் பகலும் திறந்தே கிடக்கிறது. அதிலிருந்து வெளியேறும் கொழுப்பில் கணிசமான பங்கு கல்லீரலுக்கு வந்து சேர்கிறது. நீரிழிவும் கொழுப்புக் கல்லீரலும் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

துளியும் அதன் காவலர்களும்

கல்லீரல் செல்லுக்கு வந்து சேர்ந்த கொழுப்பு அமிலம் அப்படியே மிதந்துகொண்டிருக்க முடியாது. அது அந்த நிலையில் செல்லுக்கு நஞ்சு. எனவே செல் அதை டிரைகிளிசரைடு என்ற சாதுவான கொழுப்பாக மாற்றி, சிறு சிறு உருண்டைகளாகச் சேமிக்கிறது. இவைதான் கொழுப்புத் துளிகள். நடுவில் கொழுப்பு, சுற்றிலும் பாஸ்போலிப்பிட் எனும் மெல்லிய ஒற்றைப் படலம், அந்தப் படலத்தின் மேல் பல வகைப் புரதங்கள்.

இந்தத் துளிகளை வெறும் எண்ணெய்ச் சொட்டு என்றுதான் அறிவியலாளர்கள் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கான்ஸ்டன்டைன் லோண்டோஸ் என்பவரின் குழு 1991-இல் துளியின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு புரதத்தை அடையாளம் கண்டு அதற்குப் பெரிலிபின் என்று பெயரிட்டது. இன்று அந்தக் குடும்பத்தில் ஐந்து புரதங்கள் அறியப்பட்டுள்ளன. கல்லீரல் கொழுப்பேறும்போது துளிகளின் மேல் அதிகமாகக் கூடுவது பெரிலிபின் 2.

இதை ஒரு தானியக் கிடங்காக எண்ணிப் பார்க்கலாம். மூட்டைகள் உள்ளே இருக்கின்றன. வாசலில் காவலர் நிற்கிறார். வெளியே எடுத்துச் செல்ல வருபவர், கொழுப்பை உடைக்கும் நொதிகள். காவலர் விலகினால்தான் அவர்கள் உள்ளே நுழைய முடியும். பெரிலிபின்கள் அந்தக் காவலர்கள். அவர்கள் வழிவிட்டால் கொழுப்பு கரைந்து எரிபொருளாகும். வழிவிடாமல் நின்றால் கிடங்கு நிறைந்துகொண்டே போகும். பெரிலிபின் 2 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் கல்லீரலில் கொழுப்பு சேர்வது வெகுவாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டின.

கிடங்கு இருப்பது குற்றமா?

இவ்வளவு சொன்னதும், "அப்படியானால் துளிகளை அழித்துவிட்டால் நோய் தீர்ந்துவிடுமே" என்று தோன்றும். விஞ்ஞானிகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், பருமனும் நீரிழிவும் கொண்ட எலிகளுக்குக் கல்லீரலைக் கெடுக்கும் உணவைக் கொடுத்து, அதே சமயம் டிரைகிளிசரைடு தயாரிக்கும் நொதி ஒன்றையும் அடக்கினார்கள். எதிர்பார்த்தபடியே கல்லீரலில் கொழுப்புத் துளிகள் குறைந்தன. ஆனால் அழற்சியும் தழும்பும் அதிகமாயின!

கிடங்கை மூடிவிட்டார்கள், ஆனால் லாரிகள் வருவது நிற்கவில்லை. இறக்கி வைக்க இடமில்லாத கொழுப்பு அமிலங்கள் செல்லுக்குள் கட்டவிழ்ந்து திரிந்தன. கெடுதல் செய்தவை அவையே.

எனவே துளி என்பது ஒரு வகையில் அல்லாஹ் செல்லுக்குள் வைத்திருக்கும் பாதுகாப்பு ஏற்பாடு. வருகிற கொழுப்பைப் பத்திரமாகக் கட்டி வைக்கும் வரை செல் தாங்கிக்கொள்கிறது. வரவு எல்லை மீறும்போதும், துளியின் மேலிருக்கும் புரதங்கள் ஒழுங்கு தவறும்போதும்தான் காயம் தொடங்குகிறது. ஒருவருக்குக் கல்லீரலில் நிறையக் கொழுப்பு இருந்தும் பெரிய கெடுதல் இல்லாமல் காலம் கழிவதற்கும், இன்னொருவருக்குக் குறைவான கொழுப்பிலேயே கல்லீரல் சுருங்கிப்போவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

செல் காயப்படும் விதம்

கட்டவிழ்ந்த கொழுப்பு அமிலங்களில், குறிப்பாக பால்மிட்டிக் அமிலம் போன்ற நிறைவுற்ற வகை, செல்லின் பல இடங்களை ஒரே நேரத்தில் தாக்குகிறது. செல்லின் எரிசக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியா அளவுக்கு மீறி எரித்து எரித்துச் சோர்ந்து, ஆக்சிஜன் சார்ந்த நச்சுப் பொருள்களைக் கக்குகிறது. புரதங்களை மடித்து உருவாக்கும் எண்டோபிளாச வலைப்பின்னல் நெருக்கடிக்கு உள்ளாகிறது. கட்டடத்துக்குக் கம்பி போல செல்லைத் தாங்கி நிற்கும் கெரட்டின் இழைகள் குலைகின்றன. அப்போது செல் பலூன் போல ஊதிப்போகிறது. திசுப் பரிசோதனையில் இந்த ஊதிய செல்களைத்தான் மருத்துவர்கள் முக்கியமாகத் தேடுகிறார்கள். கொழுப்பு வெறுமனே தங்கியிருக்கும் நிலையைத் தாண்டி நோய் அழற்சியாகிவிட்டது என்பதற்கு அவை அடையாளம்.

காயப்பட்ட செல்கள் அபயக் குரல் எழுப்புகின்றன. கல்லீரலில் குடியிருக்கும் குஃப்பர் செல்கள் எனும் எதிர்ப்புச் செல்கள் விழித்துக்கொண்டு அழற்சியைத் தூண்டுகின்றன. அடுத்து, சாதாரண நாள்களில் வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும் நட்சத்திர வடிவச் செல்கள் உருமாறி, காயத்தை மூட கொலாஜன் நாரைப் பின்னத் தொடங்குகின்றன. அதுதான் தழும்பு. சில நாள்கள் என்றால் அது நன்மை. ஆண்டுக்கணக்கில் காயமும் தழும்பும் தொடர்ந்தால், வழவழப்பான ஈரல் முடிச்சு முடிச்சாக இறுகி சிரோசிஸ் ஆகிறது. அதற்குப் பிறகு வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி, நினைவுத் தடுமாற்றம், கல்லீரல் புற்றுநோய் ஆகிய ஆபத்துகள் காத்திருக்கின்றன.

மூன்று மரபணுக்கள் சொன்ன சாட்சி

துளியின் மேலிருக்கும் புரதங்கள் இவ்வளவு முக்கியமா என்று சந்தேகம் எழலாம். மனிதர்களின் மரபணுக்களே அதற்குச் சாட்சி சொல்கின்றன.

2008-இல், அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் ஆகியோரின் குழு பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டறிந்தது. அந்த மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களின் கல்லீரலில், மாற்றம் இல்லாதவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகமான கொழுப்பு இருந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் காரணத்தை விளக்கின. மாறிப்போன இந்தப் புரதம், காலம் முடிந்ததும் அகற்றப்பட வேண்டியது, அகலாமல் துளியின் மேலேயே குவிந்துவிடுகிறது. கொழுப்பை உடைக்கும் நொதிக்குத் தேவையான துணைப் புரதத்தையும் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்த மாற்றம் உலகின் பல இன மக்களிடமும், நம் நாட்டினரிடமும் காணப்படுகிறது.

2018-இல் இன்னொரு செய்தி வந்தது. 46,544 பேரை ஆராய்ந்த குழு ஒன்று, எச்எஸ்டி17பி13 என்ற மற்றொரு துளிப் புரதம் செயலிழந்தவர்களுக்குக் கல்லீரல் நோய் குறைவாக வருவதைக் கண்டது. அந்த மாற்றத்தின் இரு பிரதிகளையும் பெற்றவர்களுக்கு மது சாராத கல்லீரல் நோயின் ஆபத்து சுமார் 30 சதவீதமும், மது சாராத சிரோசிஸ் ஆபத்து சுமார் 49 சதவீதமும் குறைவாக இருந்தது. இதில் வியப்பு என்னவென்றால், அவர்களுடைய கல்லீரலில் கொழுப்பு குறைந்திருக்கவில்லை. கொழுப்பு இருந்தது, ஆனால் அது அழற்சியாக மாறுவது குறைந்தது.

2022-இல், 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது மூன்றாவது சாட்சி கிடைத்தது. சிறு துளிகளை இணைத்துப் பெரிய துளியாக்க உதவும் சிஐடிஇபி என்ற புரதத்தில் அரிய குறைபாடு உள்ளவர்களுக்கு, எந்தக் காரணத்தால் வரும் கல்லீரல் நோயும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

மூன்று புரதங்களும் கொழுப்புத் துளியின் மேல் அமர்பவை. மூன்றும் சேர்ந்து சொல்லும் பாடம் இதுதான்: எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் கொழுப்பை செல் எப்படிக் கையாள்கிறது, செல் காயப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆனால் "எங்கள் பரம்பரையிலேயே இருக்கிறது, என்ன செய்ய?" என்று கைவிட்டுவிட இது காரணமாகாது. மரபணு என்பது காய்ந்த விறகு. பருமனும் அதிகச் சர்க்கரையும் உட்கார்ந்தே இருக்கும் வாழ்க்கையும்தான் அதில் தீ வைக்கின்றன. குடும்பத்தில் ஒருவருக்கு சிரோசிஸ் வந்திருந்தால், மற்றவர்கள் அஞ்சி ஒளியாமல் தங்களையும் பரிசோதித்துக்கொள்ள அது ஓர் எச்சரிக்கை.

ஸ்கேனில் வரும் "கிரேடு" எதைச் சொல்கிறது?

பீரோவில் மடித்து வைத்த அந்த ரிப்போர்ட்டுக்கு இப்போது வருவோம். அல்ட்ராசவுண்டில் வரும் கிரேடு 1, 2, 3 என்பவை கல்லீரல் எவ்வளவு வெண்மையாகத் தெரிகிறது, அதாவது எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதைத்தான் தோராயமாகச் சொல்கின்றன. செல் காயத்தையோ தழும்பையோ அவை அளப்பதில்லை. கிரேடு 1 என்று வந்தவருக்கும் தழும்பு இருக்கலாம். கிரேடு 3 என்று வந்தவருக்குத் தழும்பு இல்லாமலும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. சரியாக இருக்கிறது என்பதும் முழு உத்தரவாதம் ஆகாது. நீண்ட கால ஆபத்தை மிகத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்வது தழும்பின் அளவுதான்.

எனவே மருத்துவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி: "டாக்டர், தழும்பு இருக்கிறதா?"

அதற்கு முதல் படியாக ஒரு செலவில்லாத கணக்கு இருக்கிறது. அதன் பெயர் ஃபிப்-4. வயதையும் எஸ்.ஜி.ஓ.டி. அளவையும் பெருக்க வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்து, அதை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவது விடையால் வகுக்க வேண்டும். உதாரணமாக, வயது 50, எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 2 லட்சம் என்றால், 2000-ஐ 1600-ஆல் வகுக்க 1.25 வரும். 1.3-க்குக் கீழே இருந்தால் கடுமையான தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேலே இருந்தால் உடனே கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் ஃபைப்ரோஸ்கேன் எனும் வலியில்லாத பரிசோதனை தேவைப்படும். மேலே சொன்னவருக்கே பிளேட்லெட் மட்டும் 1 லட்சமாகக் குறைந்திருந்தால் விடை 2.5 ஆகிவிடும். 35 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. 65-ஐக் கடந்தவர்களுக்கு 1.3-க்குப் பதிலாக 2.0 என்ற எல்லையைக் கொள்வார்கள். இது மருத்துவரிடம் பேசத் தொடங்குவதற்கான கணக்கு. தீர்ப்பு சொல்வது அவருடைய வேலை.

நீரிழிவு உள்ளவர்கள், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும் பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் மேல் உள்ளவர்கள், குடும்பத்தில் கல்லீரல் நோய் உள்ளவர்கள் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பார்க்க ஒல்லியாக இருக்கிறோமே என்ற நம்பிக்கையும் வேண்டாம். கை கால்கள் மெலிந்து வயிறு மட்டும் முன்னே நிற்கும் உடல்வாகு தெற்காசிய மக்களிடம் அதிகம்.

வரவைக் குறைப்பதே மருத்துவம்

லாரிகள் வருவதை நிறுத்தினால் கிடங்கு தானாகக் காலியாகும். கியூபா நாட்டில் 293 நோயாளிகளை ஓராண்டு காலம் உணவு, உடற்பயிற்சி முறையில் வைத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி மறைந்திருந்தது. 45 சதவீதம் பேருக்குத் தழும்புகூடக் குறைந்திருந்தது. அந்த அளவுக்குக் குறைக்க முடிந்தவர்கள் பத்தில் ஒருவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கிவிடுகிறது. 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைப்பது முடியாத காரியம் இல்லை.

அவசரப்பட்டுப் பட்டினி கிடந்து எடையைக் குறைப்பது ஆபத்து. திடீரென்று கரையும் உடல் கொழுப்பில் கணிசமான பங்கு கல்லீரலின் மேல் வந்து விழும். மாதத்துக்கு ஓரிரு கிலோ என்று நிதானமாகக் குறைப்பது நல்லது. இனிப்புப் பானங்களை நிறுத்துவது, சோற்றைக் குறைத்துக் காய்கறியையும் பருப்பையும் மீனையும் கூட்டுவது, வாரத்துக்கு 150 நிமிடம் வேர்க்க நடப்பது ஆகியவை முதல் படிகள். பள்ளிவாசலுக்கு வண்டியில் போகாமல் நடந்தே போய் வந்தால், நன்மைக்கு நன்மை, உடலுக்கும் நல்லது. சர்க்கரை போடாத காபி குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவாக இருப்பதாகவும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "லிவர் டானிக்" என்றும் மூலிகைப் பொடி என்றும் விற்கப்படுபவற்றை மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். அவற்றில் சில கல்லீரலையே பாதிக்கக்கூடியவை.

அழற்சியும் தழும்பும் நடுத்தரக் கட்டத்தை எட்டியவர்களுக்கு மருந்துகளும் வரத் தொடங்கியுள்ளன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் மருந்துக்கும், 2025 ஆகஸ்டில் செமாகுளூட்டைடு ஊசிக்கும் இந்த நோய்க்காக அனுமதி அளித்தது. பிஎன்பிஎல்ஏ3, எச்எஸ்டி17பி13 புரதங்களைக் குறிவைக்கும் மருந்துகளும் சோதனையில் உள்ளன. இவை எதுவும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் மாற்றாகச் சொல்லப்படவில்லை.

நோன்பும் நம் கல்லீரலும்

பசியின்போது செல்லுக்குள் நடப்பதைப் பற்றி இரண்டு அழகான கண்டுபிடிப்புகள் உள்ளன. உணவு கிடைக்காதபோது செல் தன் கொழுப்புத் துளிகளையே சிறிது சிறிதாக விழுங்கிச் செரிக்கிறது என்று 2009-இல் கண்டறிந்தார்கள். துளியின் வாசலில் நிற்கும் பெரிலிபின் 2-ஐ செல் முதலில் அப்புறப்படுத்திவிட்டுத்தான் உடைக்கும் நொதிகளுக்கு வழிவிடுகிறது என்று 2015-இல் கண்டறிந்தார்கள். இவை எலிகளிலும் ஆய்வகச் செல்களிலும் கண்டவை. ரமளான் நோன்பு வைத்தாலே கல்லீரல் நோய் குணமாகிவிடும் என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. நாம் நோன்பு வைப்பது அல்லாஹ்வின் கட்டளைக்காக. அதில் உடலுக்கு நன்மை கிடைத்தால் அது அவனுடைய கருணை.

ஆனால் அந்தக் கருணையை நாமே தடுத்துவிடுகிறோம். பதின்மூன்று மணி நேரம் கிடங்கைக் காலி செய்துவிட்டு, மஃரிபிலிருந்து ஸஹர் வரை வடை, சமோசா, சர்பத், பிரியாணி, பரோட்டா என்று இரட்டிப்பாக நிரப்பினால் கணக்கு எங்கே நேராகும்? பேரீச்சம்பழம் ஒன்றிரண்டு, தண்ணீர், ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி, பிறகு அளவான உணவு என்று இருந்தால் போதும். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தை அல்லாஹ் திருக்குர்ஆனில் (7:31) நமக்குக் கற்பிக்கிறான். வயிற்றின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உணவுக்கு ஒதுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். வலீமா விருந்திலும் பெருநாள் வீட்டிலும் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நீரிழிவுக்காரரின் தட்டில் அள்ளி வைப்பதை அன்பு என்று நாம் எண்ணுகிறோம். அந்த அன்பைக் கொஞ்சம் மாற்றிக் காட்டலாம்.

சிரோசிஸ் வந்துவிட்டவர்கள் நிலை வேறு. அவர்களுடைய கல்லீரலால் சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாததால், நீண்ட நேரம் பசித்திருந்தால் உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்கும். இரவு படுக்கும் முன்கூட அவர்களுக்குச் சிற்றுணவு தேவை. இவர்களும் இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்கக் கூடாது. நோயாளிக்கு அல்லாஹ் சலுகை அளித்திருக்கிறான். அவன் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

சந்தேகத்தை விடுவோம், ரிப்போர்ட்டை எடுப்போம்

அதிகமான சந்தேகங்களிலிருந்து விலகிக்கொள்ளும்படி ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்றுத்தருகிறது. கல்லீரல் நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது நாம் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய செல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளியின் மேல் ஒரு புரதம் மாறிப்போயிருக்கலாம். அது அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அவருக்கு நம்முடைய துஆவும் ஆறுதலும் உதவியும்தான் தேவை.

அதேபோல், மது தொடாத வீடு என்பதால் நமக்கு இந்த நோய் வராது என்று இருந்துவிடவும் கூடாது. ஹராமை விட்டு விலகிய நாம், ஹலாலை அளவோடு உண்ணவும் கடமைப்பட்டிருக்கிறோம். இந்த உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பீரோவில் இருக்கும் அந்தப் பழைய ரிப்போர்ட்டை இன்றே எடுங்கள். வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ உங்களுக்கோ, வயதும் எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் பிளேட்லெட்டும் வைத்து அந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது தழும்பைப் பற்றிக் கேளுங்கள். செல் காயம் ஆரம்ப நிலையில் இருந்தால் இன்ஷா அல்லாஹ் அது ஆறக்கூடியது.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. நம் குடும்பங்களுக்கு ஆரோக்கியத்தையும், அதைப் பேணும் அறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.